முப்பத்தெட்டாம் படம்

ஆவணி மாதத்து இரண்டாம் ஞாயிறு காலை பத்தரை மணிக்கு, மஹய்யாவையில் அழகர் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் ஏழு பேர். வீட்டுக்குடையவரான அழகர், மாநகரசபையில் தலைமைக் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி கமலம். அவர்களுடைய ஒரே மகள் நிஷாந்தி. அழகரின் காலஞ்சென்ற தங்கையின் மகன் யுகேஷ். அம்பிட்டியவிலிருந்து வந்திருந்த சம்பந்தி ஜனார்த்தனன். அவர் மனைவி கஜலட்சுமி. இரண்டு வீட்டுக்கும் நடுவே நின்று சம்பந்தத்தைப் பேசி முடித்த தரகர் கறுப்பையா. மாப்பிள்ளை திலக்ஷன் வரவில்லை. இவர்களைத் தவிர அங்கே வேறு யாரும் இருக்கவில்லை.

பரிசத் தட்டு மாற்றி இரண்டரை மாதம் ஆகியிருந்தது. தை மாதத்தில் கல்யாணம். மண்டபம் பேசியாகிவிட்டது, பத்திரிகைக்கு எழுத வேண்டிய பெயர்களை அழகர் தம் கைப்பட எழுதி வைத்திருந்தார். முன்கூட்டிச் சொல்லாமல் சம்பந்தி வீட்டார் வந்து இறங்கியது அவருக்குப் பிடிக்கவில்லை என்றாலும், சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, கதிரைகளை இழுத்துப் போட்டு, மரியாதைக்குக் குறைவில்லாமல் உட்கார வைத்தார். கமலம் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். ஜனார்த்தனன் ஒரு மிடறு குடித்தார். கஜலட்சுமி கோப்பையைத் தொடவில்லை.

கஜலட்சுமி கைப்பையிலிருந்து போனை எடுத்து மேசைமேல் வைத்து, அழகர் பக்கம் நகர்த்தினார். ஏதோ ஒரு பெரிய மண்டபம், இருட்டு, முன்வரிசைத் தலைகள், அவற்றுக்கு மேலே ஒரு திரை. திரை முழுக்க ஒரு நெஞ்சின் எக்ஸ்ரே படம். தொண்டைக்குழிக்குக் கீழே பக்கத்துப் பக்கத்தில் மூன்று வெள்ளைக் குச்சிகள். அவற்றைச் சுற்றி, அடுப்புக் கங்கு போல ஒரு சிவப்பு, ஓரங்களில் மஞ்சள். படத்துக்கு அடியில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை அழகர் மனதுக்குள் படித்தார். காசநோய், நூற்றுக்குத் தொண்ணூற்றேழு.

“படத்துல பேரு இல்ல சம்பந்தியம்மா,” என்று கஜலட்சுமி கமலத்தைப் பார்த்துச் சொன்னார். “இருந்தாலும் இது யாரு வீட்டுத் தாயத்துன்னு எனக்குத் தெரியும்.”

தெரியாமல் என்ன? மற்ற வீடுகளில் தாயத்து என்றால் ஒரு குழல். அழகர் வீட்டில் மட்டும் மூன்று வெள்ளிக் குழல்களை ஒட்டவைத்துச் செய்வார்கள். உள்ளே குலசாமி கோயில் மண். பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் கழுத்தில் கட்டினால், ஆண்களுக்கு அது கடைசி மூச்சுவரைக்கும். பெண்களுக்குத் தாலி ஏறும்வரைக்கும். தாலி ஏறிய அன்றே கழற்றிப் பிறந்த வீட்டுச் சாமி அறையில் வைத்துவிட்டுத்தான் புகுந்த வீட்டுக்குப் போக வேண்டும். பரிசத்தன்று கஜலட்சுமி வாய்விட்டுக் கேட்டபோது அழகரே இதையெல்லாம் விளக்கிச் சொல்லியிருந்தார், கொஞ்சம் பெருமையாகவே. படத்திலிருந்தது பெண்ணின் நெஞ்சு. கழுத்தில் மூன்று குழல். அப்படியானால் தாலி ஏறாத பெண். அழகரின் தம்பிமாருக்குப் பெண் பிள்ளைகள் இல்லை; அந்த வம்சத்தில் தாலி ஏறாத பெண் ஒருத்திதான் இருந்தாள். அவள் அம்மாவின் கதிரைக்குப் பின்னால், நின்ற இடத்திலிருந்தே போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கறுப்பையா குனிந்து பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தால் எல்லாரும் எலும்புக்கூடுதான், தன்னுடையதை எடுத்தால் டொக்டரே பயந்து ஓடுவார் என்று ஏதோ சொல்லிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

அழகர் தலையைத் திருப்பி, அலுமாரியோரம் நின்றிருந்த யுகேஷைப் பார்த்தார்.

“இது நம்ம படமா?”

“ஆமா மாமா.”

அந்த ஆமாவைப் புரிந்துகொள்ளப் பங்குனி மாதத்துக்குப் போக வேண்டும்.

யுகேஷ் அந்த வீட்டில் வளர்ந்தவன். ஒன்பது வயதில் தாயை இழந்து வந்தவனை அழகரும் கமலமும் வேறுபாடு பார்க்காமல் வளர்த்தார்கள். படிப்பில் கெட்டிக்காரன். பல்கலைக்கழகத்தில் கொம்பியூட்டர் துறையில் பட்டம் பெற்று, அங்கேயே மேல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். அவனுடைய வேலையை அவனே ஒருநாள் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து விளக்கினான். நெஞ்சு எக்ஸ்ரே படங்கள் ஆயிரக்கணக்கில் சேர்க்கிறார்கள். இது நோயாளியுடையது, இது சுகமான ஆளுடையது என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். படத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்று யாரும் அதற்குச் சொல்வதில்லை. மெஷின் தானாகவே எல்லாப் படங்களையும் திரும்பத் திரும்பப் பார்த்து, நோயாளிகளின் படங்களில் எது பொதுவாக இருக்கிறது என்று கண்டுபிடித்துக்கொள்கிறது. பிறகு புதிதாக ஒரு படத்தைக் காட்டினால், இது நோய், இது நோயில்லை என்று ஒரு நொடியில் சொல்லிவிடும். எந்த இடத்தைப் பார்த்துச் சொன்னது என்பதையும் சிவப்பாகக் காட்டும். நெஞ்சு டொக்டர் கிடைக்காத தோட்டப்புறங்களுக்கு அது ஒரு வரப்பிரசாதம் என்றான். அழகருக்கு அது மிகவும் பிடித்திருந்தது. தம் வீட்டுப் பிள்ளை ஊருக்கு ஆகிற வேலை செய்கிறான் என்று வருவோர் போவோரிடம் சொன்னார்.

அந்த நினைப்பில்தான், மஹய்யாவையில் ஒரு காசநோய்ப் பரிசோதனை முகாம் வைக்கலாமா என்று யுகேஷ் கேட்டபோது அவர் உடனே இசைந்தார். முகாம் வைப்பது பெரிய காரியமில்லை, ஆட்களை வரவைப்பதுதான் பெரிய காரியம். அந்த நோயின் பெயரை உச்சரிக்கவே அங்கே ஆட்கள் தயங்குவார்கள். ஒரு வீட்டில் அது இருக்கிறது என்று தெரிந்தால் அந்த வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள், அந்த வீட்டுக் கோப்பையில் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். யார் நெஞ்சில் என்ன இருக்கிறது என்பது கோயில் மண்டபத்தை விட்டு வெளியே போகாது என்று அழகர் வீடு வீடாக ஏறி இறங்கிச் சொன்னார். கிளாக்கர் ஐயா சொன்னால் சரி என்று அறுபத்திரண்டு பேர் வந்தார்கள். முதல் ஆளாக அவரே வண்டிக்குள் ஏறினார்.

எக்ஸ்ரே வண்டியில் படம் எடுத்தவள் ரிஸ்னா என்ற பெண். கழுத்தில் இருப்பதைக் கழற்றச் சொன்னாள். உலோகம் இருந்தால் படத்தில் வெள்ளையாக விழும், அது சரியில்லை என்றாள். அழகர் முகம் சிவந்தது. அவர் வாய் திறக்குமுன் யுகேஷ் முன்னே வந்துவிட்டான்.

“எங்க மாமா வீட்டு ஆளுங்க தாயத்தக் கழட்ட மாட்டாங்க, மிஸ். அது அவங்க வழக்கம். அப்படியே எடுங்க, நான் பொறுப்பு.”

ரிஸ்னா உதட்டைச் சுழித்துக்கொண்டு எடுத்தாள். யுகேஷின் கழுத்தில் அந்தத் தாயத்து கிடையாது; அவன் தகப்பன் வழிப் பிள்ளை. தனக்கில்லாத வழக்கத்துக்கு அவன் காட்டிய மரியாதை அழகரை நெகிழ வைத்தது. படித்தால் எல்லாவற்றையும் தூக்கி எறிகிற காலத்தில் இவனைப் பார் என்று அன்று கமலத்திடம் இரண்டு தடவை சொன்னார். தம்பிமார் குடும்பம், பிள்ளைகள் என்று தாயத்து அணிந்த பதினொரு பேரும் தாயத்தோடே உட்கார்ந்தார்கள். படங்களில் பெயர்கள் எழுதப்படவில்லை. ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் கொடுக்கப்பட்டது; யாருக்கு எந்த இலக்கம் என்ற பட்டியல் யுகேஷிடம் இருந்தது.

அந்த முகாமால் நன்மையே விளையவில்லை என்று சொல்ல முடியாது. எல்லாப் படங்களையும் நெஞ்சு டொக்டர் அனீஸா தம் கண்ணால் பார்த்து, ஆளுக்கொரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். இரண்டு பேருக்கு உண்மையாகவே நோய் இருந்தது. ஆறு மாத மருந்தில் இப்போது இருவரும் நன்றாக இருக்கிறார்கள். அவர்கள் யார் என்று அழகர் வீட்டில் இன்றுவரை யாரும் சொன்னதில்லை. சொல்லப் போவதும் இல்லை.

அந்த முகாமில் எடுத்த படம்தான் அந்த ஆவணி ஞாயிறன்று சம்பந்தியம்மாவின் போனில் இருந்தது.

யுகேஷ் அலுமாரியை விட்டு ஓரடி முன்னால் வந்தான். ஜனார்த்தனனைப் பார்த்துத்தான் பேசினான், வகுப்பில் பேசுகிறவனைப் போல. நிஷாந்திக்கு எந்த நோயும் இல்லை. ஆடி மாதம் பல்கலைக்கழகத்தில் ஒரு மாநாடு நடந்தது. மெஷின் எப்படிப் பிழையாகச் சொல்கிறது என்று காட்டுவதற்கு உதாரணமாகத்தான் அந்தப் படத்தைப் போட்டான். விளக்கம் அடுத்த பக்கத்தில் இருந்தது. யாரோ ஒருவன் இந்தப் பக்கத்தை மட்டும் போனில் பிடித்து அனுப்பிவிட்டான்.

ஜனார்த்தனனின் தோள்கள் இறங்கின. கோப்பையை எடுத்து இன்னொரு மிடறு குடித்தார். கறுப்பையா, “பாத்தீங்களா, நான் வழியிலேயே சொன்னேன்,” என்றார். அவர் வழியில் அப்படி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அந்த இடத்தில் பேச்சு நின்றிருந்தால், ஆளுக்கொரு பிஸ்கட்டைத் தின்றுவிட்டு எல்லாரும் எழுந்து போயிருப்பார்கள்.

ஆனால் முப்பத்துநான்கு வருடம் கோப்புகளோடு வாழ்ந்த மனிதர் அழகர். எந்தக் கடிதம் வந்தாலும் முதலில் அதன் தேதியைப் பார்ப்பார். எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று தெரியாமல் எதிலும் கையெழுத்து வைத்ததில்லை.

“மெஷின் பிழையா சொல்லுதுன்னு ஒனக்கு எப்ப தெரியும்?”

பொய் சொல்லும் பழக்கம் யுகேஷுக்கு இல்லை. அதை அந்த வீட்டில்தான் கற்றிருந்தான்.

“தையிலேயே சந்தேகம் வந்திச்சு மாமா. நெஞ்சு கிளினிக்ல எடுத்த படங்கள்ல நூத்துக்குத் தொண்ணூத்தினாலு சரியா சொல்லிச்சு. நம்ப முடியாத அளவுக்கு நல்லா இருந்திச்சு. அதனால நுரையீரலையே கறுப்பா அழிச்சிட்டுக் காட்டினேன். அப்பவும் சரியா சொல்லிச்சு.”

அறையில் இருந்தவர்களுக்கு அது விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. நிஷாந்திக்குத்தான் முதலில் விளங்கியது. அவள் ஆசிரியை.

“அப்ப அது நுரையீரலப் பாக்கவே இல்ல,” என்றாள்.

“பாக்கல. கழுத்தப் பாத்திருக்கு.”

அவன் சொன்ன கதை இது. நோய் என்று பிரித்த படங்கள் கிளினிக்கிலிருந்து வந்தவை. மாதக்கணக்கில் இருமி, மருந்துக்குக் கேட்காமல், கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ விகாரைக்கோ போய் ஒரு தாயத்தோ நூலோ கட்டிக்கொண்டு, கடைசியில்தான் எல்லாரும் அங்கே வருகிறார்கள். மந்திரித்துக் கட்டியதைக் கழற்றச் சொன்னால் அழுவார்கள் என்று அங்கே கழற்றச் சொல்வதில்லை. சுகமானவர்கள் என்று பிரித்த படங்களோ வேலைக்குச் சேருகிறவர்களின் வைத்தியப் பரிசோதனையில் எடுத்தவை. அங்கே கண்டிப்பு, ஒரு பொத்தான்கூட இருக்க விடமாட்டார்கள். இரண்டு குவியலையும் பார்த்த மெஷின், நோயைத் தேடி அலையாமல், கண்ணுக்கு நேரே இருந்ததைப் பிடித்துக்கொண்டது. தாயத்து இருந்தால் நோயாளி.

“ஆனா அத நிரூபிக்கணும்,” என்றான் யுகேஷ். பேசப் பேச அவன் குரலில் ஒரு உற்சாகம் ஏறிக்கொண்டிருந்தது. “அதுக்கு சுகமான ஆளுங்க வேணும், தாயத்தோட. அப்படி ஒரு படமும் எங்கயும் கெடைக்கல.”

“அதனால பங்குனியில எங்கள உக்கார வச்ச,” என்றார் அழகர்.

“வேற யாருகிட்டப் போவேன் மாமா? ஒங்க பேச்சுக்குத்தானே எல்லாரும் வருவாங்க.”

அதை அவன் புகழாகத்தான் சொன்னான். அழகருக்குக் கன்னத்தில் அறை விழுந்தது போலிருந்தது. ‘அப்படியே எடுங்க, நான் பொறுப்பு.’ அந்த வார்த்தைக்காக ஐந்து மாதமாக அவனை மனதில் தூக்கி வைத்திருந்தார். வழக்கத்துக்காகச் சொன்ன வார்த்தை இல்லை அது. மூன்று குழலும் படத்தில் விழ வேண்டும் என்பதற்காகச் சொன்னது. அவர் வீட்டு ஆட்கள் பதினொரு பேரும், மெஷின் பிழையாகச் சொல்லும் என்று தெரிந்தே அதன் முன் உட்கார வைக்கப்பட்டவர்கள். அவரே முன்னால் போய் உட்கார்ந்து, மற்றவர்களையும் கூட்டி வந்து கொடுத்திருக்கிறார்.

வெளியில் திட்டுகிறவர் இல்லை அவர். அம்பிட்டிய வீட்டார் முன் குரலை உயர்த்துவதும் இழுக்கு. போனைக் கஜலட்சுமி பக்கமே திருப்பி நகர்த்தினார்.

நிஷாந்திதான் கேட்டாள். “அந்தப் படத்தப் போடுறதுக்கு முன்ன எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே.”

“பேரு போடலையே நிஷா. வெறும் நம்பர்தான்.”

“என் நம்பர் என்னா?”

“முப்பத்தெட்டு.”

அவள் உள்ளே போனாள். உள்ளறை அலுமாரியிலிருந்து, டொக்டர் அனீஸா பங்குனியில் எழுதிக் கொடுத்த துண்டை எடுத்துவந்து கஜலட்சுமியின் முன் வைத்தாள். இலக்கம் முப்பத்தெட்டு, நெஞ்சில் குறை எதுவும் இல்லை என்று அதில் இருந்தது.

கஜலட்சுமி துண்டைக் கையில் எடுக்காமலே படித்தார். “இது பங்குனி. இப்ப ஆவணி,” என்றார். பிறகு, புதிதாக ஒரு பரிசோதனை செய்ய வேண்டும், தானும் கூட நிற்க வேண்டும், தாயத்தைக் கழற்றிவிட்டு எடுக்க வேண்டும், சளியையும் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைக்குச் சாமான் பட்டியல் கொடுக்கிற மாதிரிச் சொன்னார். ஜனார்த்தனன் மனைவியைத் தடுக்கவில்லை. ஊர் வாயை அடைக்கத்தான் என்று மட்டும் சொன்னார்.

முடியாது என்று சொல்ல அழகருக்கு நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. தாலி ஏறாத பெண்ணின் கழுத்திலிருந்து தாயத்து இறங்கியதாக அந்த வம்சத்தில் கதைகூடக் கிடையாது. ஆனால் மறுத்தால், நோயை மறைக்கத்தான் மறுக்கிறார்கள் என்பார்கள். மகளைப் பார்த்தார். அவள் போவோம் என்று தலையசைத்தாள்.

புதன்கிழமை டொக்டர் அனீஸாவின் கிளினிக்குக்குப் போனார்கள். தாயத்தின் முடிச்சை வேறு யாரையும் அவிழ்க்க விடாமல் அழகரே அவிழ்த்தார். இருபத்தேழு வருடத்து முடிச்சு. இறுகிப் போயிருந்ததால் நேரம் எடுத்தது. கஜலட்சுமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். படம் எடுத்தார்கள். சளி பார்த்தார்கள். முடிவுகளெல்லாம் கைக்கு வந்த பிறகு அனீஸா அழகரையும் கஜலட்சுமியையும் எதிரில் உட்கார வைத்து, படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார்.

“இந்தப் புள்ளட நெஞ்சில ஒண்டும் இல்ல. அண்டைக்கும் இருக்கல்ல, இண்டைக்கும் இல்ல. மெஷினுக்கு நாம என்னத்தக் காட்டிப் படிப்பிச்சமோ அதத்தான் அது சொல்லும். அதுக்குப் பொறகும் ஒங்களுக்குச் சந்தேகம் எண்டா, அது நெஞ்சு வருத்தம் இல்ல, என்னால மருந்து தர ஏலாது.”

கஜலட்சுமி டொக்டருக்கு நன்றி சொன்னார். பஸ் ஏறும்போது நிஷாந்தியின் தலையைத் தடவிக்கூடக் கொடுத்தார். வீடு திரும்பியதும் அழகர் தாயத்தைத் தாமே மறுபடி கட்டிவிட்டார். அந்த இரவு கமலம் வயிறாரச் சாப்பிட்டாள்.

இரண்டு நாள் கழித்து ஜனார்த்தனன் போனில் பேசினார். தமக்கோ தம் மனைவிக்கோ ஒரு சந்தேகமும் இல்லை என்றார். ஆனால் திலக்ஷனுடைய நண்பர்கள் எல்லாருடைய போனிலும் அந்தப் படம் இருக்கிறதாம். பையனுக்கு வெளியில் தலைகாட்ட முடியவில்லையாம். கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு ஒரு வருடம் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறானாம். நிறுத்தச் சொல்லவில்லை, பொறுத்துப் பார்க்கத்தான் சொல்கிறான் என்பதை அவர் மூன்று விதமாகச் சொன்னார்.

அழகர் மகளைக் கூப்பிட்டு, ஜனார்த்தனன் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். அவள் கேட்டு முடித்தாள். “எதப் பொறுத்துப் பாக்கிறதாம்பா? எனக்கு இருமல் வருதான்னா?” என்றாள்.

மறுநாள் காலை பரிசத் தட்டில் வந்த சேலையையும் மோதிரத்தையும் மடிப்புக் கலையாமல் அதே தட்டில் அடுக்கி, வெள்ளைத் துணியால் மூடி, த்ரீவீலில் வைத்துக்கொண்டு அழகர் தனியாக அம்பிட்டிய மேட்டில் ஏறினார். ஜனார்த்தனன் வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டு, அவசரப்படாதீர்கள் சம்பந்தி என்றார். அழகர் செருப்பைக் கழற்றவில்லை.

“ஒரு வருசம் நின்னு காய்க்குதா இல்லையான்னு பாக்குறதுக்கு என் மக நட்டு வச்ச மாங்கன்னு இல்ல, ஜனார்த்தனன்,” என்றார். சம்பந்தி என்ற சொல் அப்போதே அவர் வாயிலிருந்து போய்விட்டது. தட்டை வாசல் கதிரைமேல் வைத்துவிட்டுத் திரும்பினார்.

இது நடந்த பத்து நாளுக்குள் கதை வேறு உருவம் எடுத்தது. கொண்டுவந்தவர் கறுப்பையாதான். கட்டுகஸ்தோட்டையில் ஒரு கடையில் தேத்தண்ணி குடிக்கப் போனாராம். அங்கே நின்றவர்கள் அவருக்கே கதை சொன்னார்களாம்.

“ஐயா கோவிக்கக் கூடாது,” என்று தொடங்கினார். “ஊரே முடிவு பண்ணிருச்சி. தங்கச்சி மகன், மொறப் பையன். ஒரே வீட்டுல வளந்தவன். பொண்ண வேற எடத்துக்குக் குடுக்கப் போறாங்கன்னதும் மனசு தாங்கல. அதான் மெஷின்ல கைய வச்சிட்டான்னு பேசிக்கிறாங்க. யாரும் தப்பாச் சொல்லல ஐயா. கெட்டிக்காரப் பயன்னுதான் சொல்றாங்க.”

அவரை அழகர் வெளியே போகச் சொன்னார். ஆனால் அவர் சொன்னது போகவில்லை. கோயிலில் ஒருவர் கண்ணைச் சிமிட்டினார். பஸ்ஸில் இன்னொருவர், வீட்டுக்குள்ளேயே மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு வெளியில் தேடினீர்களே என்று தோளில் தட்டினார். முகாமில் உட்கார்ந்த அறுபத்திரண்டு பேரில் ஒருவர்கூட, எங்களையும் ஏன் உட்கார வைத்தீர்கள் என்று அவரிடம் கேட்கவில்லை. காதல் என்றதும் எல்லாருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது.

மூன்றாம் நாள் கமலமே மெதுவாகப் பேச்செடுத்தாள். கதை உண்மையாகவே இருந்தால்தான் என்ன, அவனுக்கே கட்டிவைத்தால் என்ன என்றாள். நிஷாந்தியிடம் கேட்டாயா என்றார் அழகர். முதலில் அவன் மனசைத் தெரிந்துகொண்டு பிறகு கேட்கலாம் என்றாள் கமலம்.

அழகர் அதைப் புரட்டிப் புரட்டி நினைத்தார். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவருக்கும் அந்தக் கதை உண்மையாக இருந்தால் நல்லது என்று தோன்றத் தொடங்கியிருந்தது. ஒரு பெண்ணுக்காக ஒருவன் வீட்டை ஏமாற்றினான் என்றால் அது மனித சாதி செய்கிற காரியம். கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கலாம், ஒரு மாதம் பேசாமல் இருக்கலாம், பிறகு மன்னிக்கலாம். வீட்டுக்குள் நடந்தது வீட்டுக்குள்ளேயே தீர்ந்துபோகும். தாயத்தோடு உட்காரவைத்ததுகூட ஆசையின் கிறுக்கு என்று ஆகிவிடும்.

யுகேஷ் அந்த ஞாயிறுக்குப் பிறகு பல்கலைக்கழக விடுதியிலேயே தங்கியிருந்தான். யாரும் போகச் சொல்லவில்லை. யாரும் வரச் சொல்லவும் இல்லை. அழகர் இஸ்திரி போட்ட சட்டை உடுத்திக்கொண்டு, ஒரு முற்பகலில் பஸ் ஏறி அவனுடைய ஆராய்ச்சி அறைக்குப் போனார். அதுவரை அவர் அங்கே போனதில்லை. அவன் பதறி எழுந்து, கதிரையைத் துடைத்துப் போட்டான். மெலிந்திருந்தான். வந்த காரியத்தை அவர் சுற்றி வளைக்கவில்லை.

“நம்ம வீட்டு ஆளுங்க பதினொரு பேரு. என் படமும் இருந்திச்சு. ஏன் அவளோடத எடுத்த?”

அவன் கொம்பியூட்டரைத் திருப்பினான். இரண்டு மூன்று தட்டு தட்டினான். பதினொரு நெஞ்சுகளும் பக்கத்துப் பக்கத்தில் திரையில் வந்தன. பெயர்கள் இல்லை, இலக்கங்கள்தான். முதல் இலக்கம் தம்முடையது என்று அழகருக்குத் தெரிந்தது. எல்லாவற்றின் கழுத்திலும் மூன்று குழல், அதைச் சுற்றிச் சிவப்பு.

“இது ஒங்களோடது மாமா. மேல பாருங்க, பழைய தழும்பு ஒண்ணு இருக்கு. எப்பவோ வந்து தானா ஆறினது, பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா இதப் போட்டா, தழும்பப் பாத்துத்தான் மெஷின் சொல்லிச்சுன்னு சொல்லிருவாங்க. இது சின்ன மாமாவோடது, புகை குடிச்ச நெஞ்சு, மங்கலா இருக்கு. இது எடுக்கும்போது ஆடிப்போச்சு.” அவன் விரல் ஒவ்வொன்றாகத் தாண்டி வந்து ஓரிடத்தில் நின்றது. “இதுலதான் நுரையீரல் அவ்வளவு சுத்தமா இருக்கு. ஒரு புள்ளிகூட இல்ல. சிவப்பும் நல்லா விழுந்திருக்கு. யாரு பாத்தாலும் ஒடனே விளங்கும்.”

அழகர் திரையைப் பார்த்தார். டொக்டர் அனீஸா வெளிச்சத்தில் மாட்டிக் காட்டிய அதே நெஞ்சு. குறை சொல்ல இடமில்லாததால் பொறுக்கியெடுக்கப்பட்டிருக்கிறது.

“எடுக்கும்போது அது யாருன்னு ஒனக்குத் தெரியாதா?”

“பட்டியலப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும் மாமா. பொறகுதான் பாத்தேன். அப்ப பாக்கணும்னு தோணல.”

இனிக் கேட்பதற்கு ஒன்றுதான் மிச்சமிருந்தது. இப்படிப்பட்ட கேள்வியை அவர் வாழ்க்கையில் யாரிடமும் கேட்டதில்லை. திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

“அவ மேல ஒனக்கு வேற நெனப்பு ஏதாவது உண்டா?”

யுகேஷ் திடுக்கிட்டுப்போனான். செய்யாத களவைச் சுமத்தியது போல, இரண்டு கையையும் அசைத்து மறுத்தான். அப்படி ஒருநாளும் இல்லை மாமா, தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள், நிஷாவிடமும் சொல்லிவிடுங்கள் என்றான். அவன் முகத்தில் ஒளிவு எதுவும் இல்லை. தாம் அவனுக்கு எதைக் கொடுக்க வந்தோம், அவன் எதை வேண்டாம் என்கிறான் என்று அவனுக்குத் தெரியவே இல்லை என்பதை அழகர் கண்டார். எழுந்தார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள் என்று அவன் பின்னாலேயே படிவரைக்கும் வந்தான். அவர் குடிக்கவில்லை.

யுகேஷ் மாமன் மகள்மேல் ஆசை வைத்து, அந்தச் சம்பந்தத்தைக் கெடுப்பதற்காகத்தான் மெஷினைப் பொய் சொல்ல வைத்தான் என்று மஹய்யாவையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையில்லை. அவனுக்கு அவள்மேல் ஆசையும் இருக்கவில்லை, பகையும் இருக்கவில்லை. அந்தப் படத்தைத் தெரிந்தெடுத்தபோது அவன் அவளை நினைக்கவே இல்லை.